வாடகை தாமதமாகி நோட்டீஸ் வந்தால்: மும்பையில் குடியிருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர், முலுண்டு என்று எந்தப் பகுதியானாலும், நோட்டீஸ் வந்த வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கவரைப் பிரித்ததும் பயந்துபோய் வீட்டுக்காரருக்குப் போன் போடுகிறார்கள். "அடுத்த வாரம் கொடுத்துவிடுகிறேன் சேட்" என்கிறார்கள். எங்கிருந்தோ கடன் வாங்கி, பாதித் தொகையை ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ரசீது கிடைப்பதில்லை. மூன்று மாதம் கழித்துக் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும்போது, அந்தப் பணம் கொடுத்ததற்குச் சாட்சி யாருமில்லை.

பணம் கட்ட மனமிருந்தும், ஏதோ ஒரு மாதம் முடியாமல் போனதால் வீட்டை இழக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. நோட்டீஸைப் படித்துச் சொல்லச் சொல்லி வருகிறவர்களோடு உட்கார்ந்து, பதில் அனுப்புவது வரை கூட இருந்து பார்த்த வரிசை இது. வக்கீலிடம் போகத்தான் வேண்டும். ஆனால் 1 முதல் 4 வரையுள்ள வேலைகளை முடித்துவிட்டுப் போனால் அவர் நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும்.

## 0. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி இவற்றைப் போடுங்கள்: அக்ரிமென்ட் அல்லது பழைய வாடகை ரசீதுகள், கடந்த 3 வருட பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிபே, போன்பே பரிமாற்றங்களின் பிரின்ட், டெபாசிட் கொடுத்ததற்கான ஆதாரம், கரண்ட் பில், ஆதார், ரேஷன் கார்டு. வீட்டுக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். போன் மாற்றும்போது பலரும் முதலில் இழப்பது இதைத்தான்.

ரொக்கமாகக் கொடுத்து ரசீது இல்லாத மாதங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் தேதி, யாரிடம், யார் கூட இருந்தார்கள் என்பதுவரை எழுதுங்கள். நினைவில் இருக்கும்போதே எழுதினால்தான் பின்னால் பயன்படும்.

## 1. நீங்கள் வாடகைதாரரா, லைசென்ஸியா?

மற்ற எல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. அதனால்தான் இது முதலில் வருகிறது. மும்பையில் "வாடகைக்கு இருக்கிறேன்" என்று சொல்பவர்கள் சட்டத்தின் பார்வையில் இரண்டு வகை.

முதல் வகை உண்மையான வாடகைதாரர். பழைய சால் (வரிசையாகச் சிறு ரூம்கள் உள்ள கட்டடம்), பழைய கட்டடம், பகடி (வாடகை உரிமைக்காக முன்பே கொடுக்கும் பெரிய தொகை) கொடுத்து வாங்கிய ரூம், பெயர் போட்ட வாடகை ரசீது. இவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிரா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பலமான பாதுகாப்பு தருகிறது. வாடகை பாக்கி என்ற காரணத்துக்காக வழக்குப் போடும் முன் வீட்டுக்காரர் எழுத்தில் கேட்டு, அது உங்களுக்குக் கிடைத்த பிறகு 90 நாள் காத்திருக்க வேண்டும். இது அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு.

இரண்டாம் வகை லீவ் அண்ட் லைசென்ஸ். 11 மாதம், 22 மாதம், 36 மாதம் என்று கணக்குப் போட்டு, ஏஜென்ட் வந்து விரல் ரேகை எடுத்துப் பதிவு செய்த அக்ரிமென்ட். இன்று ஃப்ளாட்டில் குடியிருக்கும் பெரும்பாலோர் இந்த வகைதான். இதில் வீட்டின் மேல் உங்களுக்கு உரிமை எதுவும் உண்டாவதில்லை, இருந்துகொள்ள அனுமதி மட்டுமே. மேலே சொன்ன 90 நாள் பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை. நீங்கள் இந்த வகை என்றால் 2, 3, 4ஐப் படித்துவிட்டு 7க்குப் போங்கள்.

அக்ரிமென்டின் தலைப்பைப் பாருங்கள். "லீவ் அண்ட் லைசென்ஸ்" என்றும், உள்ளே "லைசென்ஸர்", "லைசென்ஸி" என்றும் இருந்தால் இரண்டாம் வகை. மாத ரசீதில் "ரென்ட்" என்றும் "டெனன்ட்" என்றும் இருந்தால் முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அக்ரிமென்ட் நோட்டரி முத்திரையோடு மட்டும் இருக்கிறதா? பதிவு செய்யவில்லையா? சிறிய ரூம்களில் இது ரொம்பச் சாதாரணம். அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாடகை ஒப்பந்தமோ லைசென்ஸோ எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவாகாதபோது, எந்த நிபந்தனையில் வீடு தரப்பட்டது என்பதில் குடியிருப்பவர் சொல்வதே செல்லும், வேறு மாதிரி நிரூபிக்கப்படாதவரை. இது உங்கள் கையில் இருக்கும் நல்ல வாதம். ஆனால் பதிவில்லை என்பதற்காக வாடகை கட்ட வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நினைப்பில் பாக்கியைப் பெருக்கிக்கொண்டவர்கள் உண்டு.

ரசீது இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது, நோட்டீஸும் அவர் பெயருக்கே வருகிறது என்ற நிலை சால்களில் நிறைய. "செத்தவருக்கு வந்தது, நமக்கில்லை" என்று ஒதுக்கி வைக்காதீர்கள். வாடகைதாரர் இறக்கும்போது அவரோடு அந்த வீட்டில் வசித்த குடும்பத்தினருக்கு வாடகை உரிமை தொடர இச்சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமை வேண்டுமென்றால் பதிலும் நீங்கள்தான் போட வேண்டும். ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழ் இரண்டையும் ஃபைலில் சேருங்கள்.

குடிசைப் பகுதியாக அரசு அறிவித்த இடத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 1971ஆம் ஆண்டின் மகாராஷ்டிரா குடிசைப் பகுதிச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, அங்கே குடியிருப்பவரை வெளியேற்ற வழக்குப் போடுவதற்கே அதிகாரியின் முன் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். உங்கள் பகுதி அறிவிக்கப்பட்டதா என்று தெரிந்துகொண்டு, வக்கீலைப் பார்க்கும்போது இதை நீங்களே நினைவூட்டுங்கள்.

## 2. தபாலை வாங்குங்கள், தேதியை எழுதுங்கள்

தபால்காரர் வரும்போது கதவைச் சாத்திக்கொள்வதும், "ஆள் இல்லை" என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வதும் வேண்டாம். சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை வாங்க மறுத்தால், அது கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். நாள் ஓட ஆரம்பித்துவிடும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. தபாலில் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் குடும்பத்தினர் கையில் கொடுத்தாலும் அது செல்லும். அதற்கெல்லாம் வழியில்லாதபோது கதவில் ஒட்டுவதும் செல்லும்.

வாங்கிய உடனே கவரின் மேல் தேதியையும் வாங்கியவர் பெயரையும் பேனாவால் எழுதுங்கள். கவரைத் தூக்கிப் போடாதீர்கள். நோட்டீஸில் அச்சடித்த தேதிக்கும் உங்கள் கைக்கு வந்த தேதிக்கும் பத்து நாள் வித்தியாசம் இருக்கலாம். 90 நாள் கணக்கு உங்கள் கைக்கு வந்ததிலிருந்துதான். அதை நிரூபிப்பது அந்தக் கவரும், அதிலுள்ள ஸ்பீட் போஸ்ட் எண்ணும். அந்த எண்ணை இந்திய அஞ்சல் தளத்தில் போட்டு, டெலிவரி ஆன பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஒரு உதாரணம். ஜூன் 10 அன்று நோட்டீஸ் கிடைத்தது என்றால் மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். 90ஆவது நாள் செப்டம்பர் 8. காலண்டரில் அதைச் சிவப்பால் வட்டமிட்டுவிட்டு, ஆகஸ்ட் 15க்குள் பணம் கட்டி முடிப்பதாக இலக்கு வையுங்கள். செக் திரும்புவது, பேங்க் விடுமுறை, வீட்டுக்காரர் ஊரில் இல்லாதது எல்லாம் கடைசி வாரத்தில்தான் நடக்கும்.

## 3. நோட்டீஸில் என்னதான் கேட்டிருக்கிறார்கள்?

பெரும்பாலான நோட்டீஸ்கள் ஆங்கிலத்தில் இருக்கும், சில மராத்தியில். படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து, வரிவரியாகப் படிக்கச் சொல்லி, மூன்று விஷயங்களை மட்டும் தேடுங்கள்.

எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, மொத்தம் எவ்வளவு பாக்கி என்று கேட்கிறார்கள்? வாடகையைத் தவிர வேறு எதைச் சேர்த்திருக்கிறார்கள்: தண்ணீர் வரி, ரிப்பேர் செஸ் (பழைய கட்டடங்களின் ரிப்பேருக்கான வரி), ஏற்றிய வாடகை, வக்கீல் கட்டணம்? வாடகை பாக்கியைத் தவிர வேறு காரணமும் சொல்லியிருக்கிறார்களா?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். "வாடகை தரவில்லை" என்று ஆரம்பித்து, ஐந்தாவது பத்தியில் "அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்" என்றோ, "வீடு எங்கள் சொந்த உபயோகத்துக்கு வேண்டும்" என்றோ எழுதியிருப்பார்கள். பணம் கட்டினால் தீர்வது பாக்கி என்ற காரணம் மட்டுமே. மற்றதற்குத் தனியாக மறுப்பு எழுத வேண்டும்.

இன்னொன்று. "ஏழு நாளில் காலி செய்", "15 நாளில் சாவியை ஒப்படை" என்று தடித்த எழுத்தில் இருக்கும். நோட்டீஸ் என்பது வீட்டுக்காரர் வக்கீல் மூலமாக எழுதிய கடிதம். கோர்ட் உத்தரவு இல்லை. வாடகைதாரர் விஷயத்தில், வக்கீல் 7 நாள் என்று எழுதினாலும் சட்டத்தின் 90 நாள் குறைந்துவிடாது. அந்த 90 நாள் வீட்டைக் காலி செய்வதற்கான அவகாசம் இல்லை, பாக்கியைக் கட்டுவதற்கான அவகாசம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, மூன்று மாதத்தில் சாமான் கட்டி ஊருக்கே போய்விட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அந்த ரூம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் "புதிய வாடகைச் சட்டம்" செய்திகளை இந்த நேரத்தில் நம்பாதீர்கள். 2021இல் மத்திய அரசு வெளியிட்டது ஒரு மாதிரிச் சட்டம். மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது செல்லும். மும்பை வாடகை வழக்கில் பேசப்படுவது 1999ஆம் ஆண்டுச் சட்டம்.

## 4. பாக்கியை நீங்களே கணக்குப் போடுங்கள்

நோட்டீஸில் உள்ள தொகையை அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், அப்படியே மறுக்கவும் வேண்டாம். ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: மாதம், கட்ட வேண்டியது, கட்டியது, ஆதாரம். ஸ்டேட்மென்டைப் பார்த்து நிரப்புங்கள். ஆதாரம் இல்லாத மாதத்தை வட்டமிடுங்கள்.

ஏற்றிய வாடகையைக் கேட்டிருந்தால் சரிபாருங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் வீட்டுக்கு வீட்டுக்காரர் வருடத்துக்கு 4 சதவீதம் ஏற்றலாம். வீட்டில் செய்த மேம்பாட்டுக்கும், ஏறிய வரிகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. இதற்கு மேல் கேட்டிருந்தால், நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையை முழுதாகக் கட்டிவிட்டு, மீதி ஏன் செல்லாது என்று பதிலில் எழுதுங்கள். "கணக்கு தப்பு, அதனால் ஒரு பைசா தரமாட்டேன்" என்பது உங்களையே கெடுக்கும். சட்டம் பாதுகாப்பது வாடகை கட்டுபவரை, அல்லது கட்டத் தயாராக இருப்பவரை. அந்தத் தயார்நிலை காகிதத்தில் தெரிய வேண்டும்.

வட்டியும் தெரிந்து வையுங்கள். வழக்கு வந்த பிறகு கட்டினால் பாக்கிக்கு வருடம் 15 சதவீதம் தனிவட்டி சேர்த்துக் கட்ட வேண்டும். மாத வாடகை 4,000 ரூபாய், ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதம் பாக்கி, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி தர வேண்டியது, ஜூலை 1 அன்று கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வாடகைக்கு ஒரு மாத வட்டி 50 ரூபாய். ஜனவரி வாடகைக்கு ஆறு மாத வட்டி, பிப்ரவரிக்கு ஐந்து, இப்படிக் கூட்டினால் 21 மாதம். வட்டி 1,050 ரூபாய். பாக்கி 24,000 சேர்த்தால் 25,050. பலர் மொத்தப் பாக்கிக்கும் ஆறு மாத வட்டி என்று பெருக்கி, மலைத்துப்போய்க் கட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

டெபாசிட்டில் கழித்துக்கொள்ளட்டும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஒழிய, டெபாசிட் வேறு, வாடகை வேறு. ஹெவி டெபாசிட் கொடுத்து மாத வாடகை இல்லாமல் இருப்பவர்கள், அந்த ஏற்பாடு எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்று இப்போதே தேடுங்கள்.

## 5. தடயம் இருக்கும்படி கட்டுங்கள்

கணக்குத் தயாரானதும் கட்டுங்கள், பதில் எழுதுவதற்கு முன்பே. காரணம் எளிது. "கட்டிவிட்டேன், எண் இது" என்று எழுதும் பதிலுக்கும், "கட்டப்போகிறேன்" என்று எழுதும் பதிலுக்கும் கோர்ட்டில் மதிப்பு வேறு.

முதல் வழி, வழக்கமாக வாடகை போட்ட அதே பேங்க் கணக்கு. பரிமாற்றக் குறிப்பில் "வாடகை ஜனவரி முதல் ஜூன்" என்று மாதத்தைச் சொல்லுங்கள். குறிப்பு இல்லாத பணத்தை, வேறு கடனுக்கு வரவு வைத்ததாக எதிர்த் தரப்பு சொல்ல இடமுண்டு.

வீட்டுக்காரர் கணக்கு எண் தர மறுத்தால், பணத்தைத் திருப்பி அனுப்பினால், ஒன்றும் பதறாதீர்கள். அவருக்கு உண்மையில் வேண்டியது வாடகை இல்லை, வீடு என்பதற்கு அதுவே அடையாளம். அவர் பெயருக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து, எந்த மாதங்களுக்கு என்று ஒரு கடிதம் வைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். டிராஃப்டையும் கடிதத்தையும் நகல் எடுத்த பிறகுதான் கவரை ஒட்ட வேண்டும். அவர் வாங்க மறுத்துக் கவர் திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வையுங்கள். மூடியிருக்கும் அந்தக் கவர்தான் நீங்கள் கட்டத் தயாராக இருந்ததற்குச் சாட்சி. ஆசையாகப் பிரித்து டிராஃப்டை எடுத்துப் பேங்கில் போட்டுவிட்டு வந்தவர்களிடம் அந்தச் சாட்சி பாதியாகிவிட்டது.

ரொக்கம் மட்டும்தான் வாங்குவேன் என்றால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். வாடகை வாங்கினால் ரசீது கொடுப்பது சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை.

முழுத்தொகை கையில் இல்லையென்றால்? தவணையாகக் கட்டலாமா என்று கேட்கலாம், ஆனால் வீட்டுக்காரர் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தைத் தவணை 90ஆவது நாளில் காற்றோடு போய்விடும். நகையை வைத்தாவது அந்த நாளுக்குள் முழுதாகக் கட்டிவிடுங்கள் என்பதுதான் பகடி ரூமில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது. நகையை மீட்கலாம்.

நோட்டீஸுக்குப் பிறகு வரும் மாத வாடகையையும் தவறாமல் போட்டுவாருங்கள். பழைய பாக்கியைத் தீர்க்கும் பரபரப்பில் நடப்பு மாதத்தை மறந்தால் புதுப் பாக்கி ஆரம்பித்துவிடும்.

## 6. பதில் நோட்டீஸ்

பதிலை வக்கீல் மூலம் அனுப்புவது நல்லது. கட்டணத்துக்கு வழியில்லை என்றால் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே உதவி உண்டு. அதனால் வீட்டில் வாடகை ஒப்பந்தம் அம்மா அல்லது மனைவி பெயரில் இருந்தால் அவர்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

வக்கீலிடம் சொல்ல வேண்டிய சங்கதிகளை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, யாராவது மொழிபெயர்ப்பார்கள். இப்படி இருக்கலாம்:

"நோட்டீஸ் ஜூன் 10 அன்று கிடைத்தது. நான் இந்த ரூமில் மாத வாடகைக்கு இருக்கிறேன். வேலை போனதால் ஜனவரி முதல் ஜூன் வரை வாடகை தரமுடியவில்லை. 24,000 ரூபாயை ஜூலை 1 அன்று இந்தப் பரிமாற்ற எண்ணில் செலுத்திவிட்டேன். நோட்டீஸில் கேட்ட கூடுதல் 6,000 ரூபாய்க்குக் கணக்கு எதுவும் தரப்படவில்லை, விவரம் தந்தால் பார்க்கிறேன். உள்வாடகைக்கு விட்டதாகச் சொல்வது உண்மையில்லை, இங்கே இருப்பவர் என் தங்கை மகன். இனி வாடகையை மாதாமாதம் செலுத்தத் தயாராக இருக்கிறேன்."

கோபத்தைக் கொட்டாதீர்கள். வீட்டுக்காரர் ஒழுகும் கூரையைப் பத்து வருடமாகச் சரிசெய்யவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைத் தனிக் கடிதத்தில் எழுதுங்கள். பதிலில் கலந்தால், கூரைக்காகவே வாடகையை நிறுத்தியதாகப் படிக்கப்படும்.

"நான் வாடகைதாரர் இல்லை, பல வருடம் இருந்ததால் ரூம் எனக்கே சொந்தம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிடாதீர்கள். வீட்டுக்காரரின் உரிமையையே மறுப்பது உங்கள் வாடகைப் பாதுகாப்பை நீங்களே உதறுவதாகும்.

## 7. லீவ் அண்ட் லைசென்ஸில் இருப்பவர்கள்

உங்களுக்கு அக்ரிமென்ட்தான் எல்லாம். மூன்று ஷரத்துகளை அடிக்கோடிடுங்கள்: எத்தனை மாதம் தவறினால் ரத்து செய்யலாம், அதற்கு எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும், லாக்-இன் (நடுவில் அக்ரிமென்டை முடிக்கக்கூடாத காலம்) எதுவரை.

காலம் நடுவில் இருக்கும்போது பாக்கி விழுந்தால் பேச இடமுண்டு. ஒரு மாதம் தாமதமாகும் என்று தெரிந்த அன்றே, நோட்டீஸ் வருவதற்கு முன்பே, எழுத்தில் சொல்லுங்கள். "சார், இந்த மாதச் சம்பளம் தாமதம். பாதியை 5ஆம் தேதியும் மீதியை 20ஆம் தேதியும் போடுகிறேன், சரியா?" என்று ஒரு வாட்ஸ்அப் போதும். அவர் "ஓகே" என்று அனுப்பினால் அதுவே ஆதாரம். சொன்ன தேதியில் போட்டுவிடுங்கள். ரத்து நோட்டீஸே வந்துவிட்டாலும், அதிலுள்ள நாளுக்குள் முழுதும் கட்டி, ரத்தைத் திரும்பப் பெறும்படி எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான ஃப்ளாட்காரர்களுக்குப் புது ஆள் தேடுவதும் புரோக்கர் கமிஷனும் தொல்லைதான்.

அக்ரிமென்ட் காலம் முடிந்துவிட்டதா? அப்போது நிலைமை முற்றிலும் வேறு. 24ஆம் பிரிவின்படி வீட்டுக்காரர் வாடகைச் சட்டத்தின் கீழுள்ள காம்பிடென்ட் அத்தாரிட்டி என்ற அதிகாரியிடம் போகலாம். காலம் முடிந்தும் காலி செய்யாத நாட்களுக்கு, லைசென்ஸ் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு நஷ்டஈடு விதிக்கப்படும். 30,000 ரூபாய் கட்டிய இடத்துக்கு மாதம் 60,000. "டெபாசிட் அவரிடம்தானே இருக்கிறது, நிதானமாகப் போவோம்" என்று உட்கார்ந்தால் அந்த டெபாசிட் சில மாதங்களிலேயே கரைந்துவிடும்.

அந்த அதிகாரியிடமிருந்து சம்மன் வந்தால் 30 நாள்தான். அதற்குள் உங்கள் எதிர்ப்பின் காரணங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்து, வழக்காட அனுமதி வாங்க வேண்டும். தவறினால் வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொண்டு வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார்கள். வாடகைதாரர்களுக்கான 90 நாளை இங்கே போட்டுக் குழப்பிக்கொண்டு கெட்டவர்கள் அதிகம்.

## 8. கோர்ட் சம்மன் வந்தால்

பெருநகர மும்பைக்குள் வாடகை வழக்குகள் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் (வாடகை, சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்) நடக்கும். தோபி தலாவில் ஒன்று, புறநகருக்குப் பாந்த்ராவில் ஒன்று. எங்கே ஆஜராக வேண்டும் என்பதைச் சம்மனில் பாருங்கள். டோம்பிவிலி, அம்பர்நாத் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பகுதிக்கான சிவில் கோர்ட்.

வாடகைதாரருக்குச் சட்டம் இங்கே இன்னொரு வாய்ப்புத் தருகிறது. சம்மன் கிடைத்த 90 நாளுக்குள் பாக்கி முழுவதையும், 15 சதவீதத் தனிவட்டியையும் கோர்ட்டில் கட்டி, வழக்கு முடியும்வரை மாதாமாதம் வாடகையைக் கட்டிக்கொண்டே வந்து, வழக்குச் செலவையும் கொடுத்தால், பாக்கி என்ற காரணத்துக்காக வெளியேற்றத் தீர்ப்பு தரமுடியாது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். நடுவில் வரும் மாதங்களைக் கட்டாமல் விட்டால் முதலில் கட்டிய மொத்தத்தின் பலனும் போய்விடக்கூடும். பேங்கில் ஆட்டோ பேமென்ட் போடமுடியாத விஷயம் இது. வக்கீல் மூலம் கோர்ட்டில் கட்ட வேண்டியதால், மாதத்தின் ஒரு தேதியை நிரந்தரமாக இதற்கென ஒதுக்கி, ரசீதுகளை வரிசையாகக் குத்தி வையுங்கள்.

முதல் தேதிக்குப் போகாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும்.

## 9. பூட்டு மாற்றினால், தண்ணீரை நிறுத்தினால்

கோர்ட் உத்தரவில்லாமல் வீட்டுக்காரர் பூட்டை மாற்ற, சாமானை வெளியே போட, ஆள் வைத்து மிரட்ட முடியாது. போலீஸும் யாரையும் காலி செய்யச் சொல்ல முடியாது, அது சிவில் விஷயம். உத்தரவு இருந்தால் அதை நிறைவேற்ற வருபவர் பெய்லிஃப் என்ற கோர்ட் ஊழியர்.

அப்படி நடந்தால் முதலில் வீடியோ எடுங்கள், அப்புறம் 112. ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து என்சி (எஃப்ஐஆர் போடாதபோது பதிவாகும் புகார்) எண்ணாவது வாங்குங்கள். மறுநாளே வக்கீலைப் பாருங்கள். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி வீட்டைத் திரும்பப் பெற வழக்குப் போடலாம். அதற்குக் கெடு ஆறு மாதம். உறவினர் வீட்டில் தங்கி, பஞ்சாயத்துப் பேசியே அந்த ஆறு மாதத்தை ஓட்டிவிடாதீர்கள்.

தண்ணீர், கரண்ட், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், துப்புரவு ஆகியவற்றைத் தகுந்த காரணமில்லாமல் நிறுத்துவதை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு தடுக்கிறது. வாடகைதாரர் கோர்ட்டில் மனு போட்டு இடைக்கால உத்தரவு வாங்கலாம். கரண்ட் பில்லை நீங்கள் சரியாகக் கட்டியிருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 10. பேசித் தீர்த்துக் காலி செய்வதென்றால்

எல்லோருக்கும் போராட வேண்டிய அவசியமில்லை. லைசென்ஸ் முடிந்து, பாக்கியும் கட்ட வழியில்லையென்றால் சீக்கிரம் போவதே லாபம். ஆனால் பகடி ரூமில் இருப்பவர்கள் "சரண்டர்" (வாடகை உரிமையை விட்டுக்கொடுப்பது) என்று தலைப்பிட்ட எந்தக் காகிதத்திலும், வெற்றுத் தாளிலும், படித்துப் பார்க்காத முத்திரைத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை எழுதி, வக்கீல் பார்த்து, பணம் கைக்கு வந்த பிறகு கையெழுத்து.

லைசென்ஸ் வீட்டைக் காலி செய்யும் நாளில், டெபாசிட் திரும்புவதும் சாவி கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். பாக்கியை எவ்வளவு கழிக்கிறார் என்பதை முன்னாடியே எழுத்தில் பேசி முடியுங்கள். காலி வீட்டை ஒவ்வொரு அறையாக வீடியோ எடுங்கள், மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். "இன்ன தேதியில் சாவி பெற்றுக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை" என்று வீட்டுக்காரர் கையெழுத்தை வாங்குங்கள். அவர் வெளியூரில் இருந்து சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொன்னால், அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு, சாவியோடு வாட்ச்மேனைப் போட்டோ எடுத்து அதே உரையாடலில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.